பந்தி பரிமாறிய மாலுமி

கடற்போர் வரலாறுகளைப் பயில்வோர் பெரும்பாலும் தளபதியர் பெயரையும் கப்பல்களின் பெயரையுமே நினைவில் இருத்துகின்றனர். டிராபால்கர் என்றவுடன் நெல்சன் தோன்றுகிறார். சுஷிமா என்றவுடன் டோகோ தோன்றுகிறார். அக்கப்பல்களின் அடித்தட்டில் உலைக்குக் கரி தள்ளியவர் யாவர், குண்டு சுமந்தவர் யாவர், உணவு சமைத்து வட்டித்தவர் யாவர் என்று நூல்கள் கூறுவது அரிது. நாம் வினவுவதும் அரிது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையிற் பணியாற்றி, இருபத்து நான்கு வயதிற் கடலில் மறைந்த டோரிஸ் மில்லர் என்பார் அவ்வாறு அடித்தட்டில் வாழ்ந்தவருள் ஒருவர். அவர்தம் வாழ்க்கையையும் பணியையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தொடக்கத்திலேயே ஒன்று கூறிவிடுதல் நலம். மில்லர் பந்தி பரிமாறுபவராகக் கடற்படையிற் சேர்ந்தார். சமையற்காரராக உயிர் நீத்தார். இடையே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏறத்தாழக் கால்மணி நேரம் இயந்திரத் துப்பாக்கியொன்றை இயக்கினார். அந்தக் கால்மணி நேரத்தை மட்டும் எடுத்துக் கூறி அவரைப் புகழ்வோர் பலர். அதற்கு முன்னும் பின்னும் அவர் கழித்த நான்கு ஆண்டுகளையும் சேர்த்து நோக்கினாலன்றி அவருடைய வீரத்தின் அளவும் விளங்காது. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியின் அளவும் விளங்காது என்பது நம் கருத்து.

மில்லர் 1919ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், டெக்ஸஸ் மாகாணத்திலுள்ள வேகோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடியானவர். புதல்வர் நால்வருள் மில்லர் மூன்றாமவர். 'டோரிஸ்' என்பது ஆங்கிலம் பேசுவோரிடையே பெண்களுக்கு வழங்கும் பெயர். பேறு பார்த்த மருத்துவச்சி பெண் மகவென்று எதிர்பார்த்திருந்தமையால் அப்பெயர் இடப்பட்டதென்று கூறுவர். பிற்காலத்துச் செய்தித்தாள்கள் அதனை 'டோரி' என்று மாற்றி எழுதின. ஆறடியைக் கடந்த உயரமும் பெருத்த உடற்கட்டும் வாய்ந்த இவ்விளைஞர், பள்ளியில் அமெரிக்கப் பந்தாட்டத்திற் சிறந்து விளங்கினார், படிப்பு முற்றுப்பெறவில்லை. தந்தையின் பண்ணையிற் சிறிது காலம் உழைத்தார். பொருள் முடையால் நாடெங்கும் வேலை அருகிய காலம் அது. உலகைக் காணலாம், சம்பளமும் பெறலாம், வீட்டுக்கும் அனுப்பலாம் என்று எண்ணி, 1939 செப்டம்பர் 16ஆம் நாள் டல்லஸ் நகரிற் கடற்படையிற் பெயர் பதிந்தார். அப்பொழுது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை.

பதியும்போது அவருக்குக் கிடைத்த பதவி 'மெஸ் அட்டெண்டண்ட், மூன்றாம் வகுப்பு' என்பது. விடுதியில் வாழும் நம் மாணவர்க்கு 'மெஸ்' என்னும் சொல்லைப் பற்றி விளக்கம் வேண்டுவதில்லை. அதிகாரிகளின் உணவறையில் மேசை விரித்தல், பரிமாறல், எச்சிற் கலம் கழுவல், படுக்கை சீர் செய்தல், காலணி துடைத்தல், அழுக்குத் துணிகளைத் திரட்டிச் சலவைக்கு அனுப்புதல் ஆகியன இப்பதவிக்குரிய தொழில்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு, அதிலிருந்து முதல் வகுப்பு, அதன்பின் அதிகாரிகளின் சமையற்காரர் அல்லது பணிமேலாளர் — இவ்வளவே ஏணி. அவ்வேணியின் உச்சியை எய்தியவரும் ஏனை வெள்ளை மாலுமியர்க்குக் கட்டளையிடும் உரிமை பெற்றிலர்.

கறுப்பின இளைஞர் வேறு பிரிவை ஏன் வேண்டவில்லை என்று வினவுவோர் இருக்கலாம். வேண்டினும் கிடையாது என்பதே விடை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கறுப்பர் பலர் கடற்படைக் கப்பல்களில் வெள்ளையருடன் கலந்தே பணியாற்றினர். பின்னர் அந்நிலை படிப்படியாகச் சுருங்கியது. முதல் உலகப் போர் முடிந்த 1919ஆம் ஆண்டில் கறுப்பரைப் புதிதாகச் சேர்ப்பதையே கடற்படை நிறுத்திவிட்டது. 1932இல் மீண்டும் கதவு திறந்தது. ஆயின் உணவறைப் பிரிவு ஒன்றுக்கு மட்டுமே திறந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டவரும் குவாம் தீவினரும் அப்பிரிவிலேயே அமர்த்தப்பட்டனர். கப்பல் குறுகிய இடம். அங்கே இரு நிறத்தாரும் அருகருகே உண்டு உறங்குதல் இயலாது. வெள்ளை மாலுமியர் கறுப்பினத் தலைவனுக்குப் பணியார். ஆதலின் கப்பலின் ஒழுங்கு கெடும் என்பன கடற்படை மேலோர் காட்டிய காரணங்கள். அதிகாரியின் படுக்கையை விரிப்பதற்கு அவனருகே வரலாம். அவனுடன் ஒரு பீரங்கியருகே நிற்றல் ஆகாது என்னும் இந்நியாயம் நமக்கு விளங்கவில்லை.

நார்போக் நகரிற் பயிற்சி முடிந்ததும் மில்லர் 'பைரோ' என்னும் வெடிமருந்துக் கப்பலுக்கு அனுப்பப்பட்டார். 1940 ஜனவரி 2ஆம் நாள் 'வெஸ்ட் வர்ஜீனியா' என்னும் பெரும் போர்க்கப்பலுக்கு மாற்றப்பட்டார். பதினாறு அங்குலப் பீரங்கிகள் எட்டினைத் தாங்கிய கப்பல் அது. அங்கே மில்லர் குத்துச்சண்டையில் மிகுந்த எடைப் பிரிவின் முதல்வராகி, கப்பல் முழுவதும் அறிந்த மனிதரானார். பரிமாறும் வேளையில் அவர் முகத்தை நோக்காத அதிகாரியரும் சண்டை மேடையில் அவரைக் கண்டு ஆர்ப்பரித்திருப்பர் போலும். அவ்வாண்டு ஜூலையில், பீரங்கிப் பள்ளி நடந்த 'நெவாடா' கப்பலிற் சில கிழமைகள் தற்காலிகமாகப் பணியாற்றி மீண்டார். எனினும் விமானங்களை நோக்கிச் சுடும் இயந்திரத் துப்பாக்கியை இயக்க அவருக்கு எவரும் பயிற்சி அளித்திலர்.

ஈண்டுப் போர்க்கப்பலின் முறை ஒன்றை அறிதல் வேண்டும். அபாயச் சங்கு ஒலித்தால், தலைவர் முதற் சமையலாள் ஈறாக யாவரும் தத்தமக்குக் குறித்த இடத்துக்கு ஓடுதல் வேண்டும். உணவறைப் பணியாளர்க்குப் பெரும்பாலும் குறிக்கப்படும் இடம் கீழ்த்தட்டிலுள்ள வெடிமருந்தறை. அங்கிருந்து குண்டுகளை எடுத்து மேலே செலுத்துவர். மேலே இருப்பவர் சுடுவர். மில்லருக்குக் குறித்த இடமும் கப்பலின் நடுவே, விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு உரிய வெடிமருந்தறையே.

நிற்க. 1941 டிசம்பர் 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஹவாய்த் தீவிலுள்ள பேர்ள் துறைமுகத்தில் அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் பெருங்கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டிருந்தன. 'வெஸ்ட் வர்ஜீனியா' வெளிப்புறத்திலும் 'டென்னஸி' உட்புறத்திலுமாக இரு கப்பல்கள் ஒட்டி நின்றன. விடியற்காலையில் எழுந்த மில்லர், காலையுணவு பரிமாறிவிட்டுச் சலவைத் துணிகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில், ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட ஜப்பானிய விமானங்களின் முதல் அணி துறைமுகத்தின்மேல் வந்தது. போர் அறிவிப்பு எதுவும் அதற்கு முன் வந்திலது.

சங்கு ஒலித்ததும் மில்லர் தம் வெடிமருந்தறைக்கு ஓடினார். டார்பிடோ ஒன்று அதனை முன்னமே தகர்த்துவிட்டிருந்தது. குறித்த இடம் அழிந்தபின் எங்கே நிற்பது என்பதற்கு விதி இல்லை. மேல்தட்டுக்கு ஏறினார். அவருடைய உடல் வலிமையை அறிந்த அதிகாரி ஒருவர், தம்முடன் கப்பல் தலைவரின் மேடைக்கு வருமாறு பணித்தார்.

மேடையில் கப்பல் தலைவர் காப்டன் மெர்வின் பென்னியன் வீழ்ந்து கிடந்தார். அருகே நின்ற 'டென்னஸி' கப்பலின்மீது விழுந்த வெடிகுண்டின் இரும்புத் துண்டு பறந்து வந்து அவர் வயிற்றைக் கிழித்திருந்தது. மேடையைச் சூழத் தீ எரிந்தது. மேலிருந்து விமானங்கள் சுட்டுக்கொண்டிருந்தன. மில்லரும் உடன் வந்தோரும் அவரைத் தூக்கி, மறைவான இடத்திற் கிடத்தினர். உயிர் பிரியுந்தறுவாயிலும் பென்னியன் கப்பலின் நிலையை வினவி ஆணையிட்டுக்கொண்டிருந்து, சிறிது நேரத்தில் மரித்தார்.

அருகே ஆளின்றி இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. அரை அங்குலக் குழாயுடைய பிரௌனிங் துப்பாக்கிகள் அவை. லெப்டினண்ட் ஒயிட் என்னும் அதிகாரி, குண்டு மாலையை ஏற்றித் தருமாறு மில்லரைப் பணித்தார். சுடுவது வேறு ஒருவர் வேலை என்பதே அவர் கருத்து. அவர் சற்றுத் திரும்பிப் பார்க்கையில் மில்லரே ஒரு துப்பாக்கியைப் பற்றிச் சுட்டுக்கொண்டிருந்தார். குண்டுகள் தீருமட்டும் சுட்டார். பிறர் அவற்றை இயக்குவதைக் கண்டிருந்தமையால் தமக்கு அது கடினமாகத் தோன்றவில்லை என்று பின்னாளில் அவரே கூறினார். எத்துணை எளிய சொல்! இரண்டாண்டு காலம் அத்துப்பாக்கிகளைக் கடந்து, பிறர் துணிகளைச் சுமந்து சென்ற ஒருவர், கடந்து செல்லும்போதெல்லாம் உற்று நோக்கியிருந்தார் என்பது அச்சொல்லால் விளங்குகிறது.

குண்டுகள் தீர்ந்தபின், எண்ணெயும் நீரும் நிறைந்த தட்டுகளினூடே காயமுற்றோரைச் சுமந்து அப்புறப்படுத்தினார். அதனால் உயிர் பிழைத்தோர் பலர். நம்மைக் கேட்டால், சுட்டதினும் இதுவே பெரிது என்போம். பல டார்பிடோக்களாலும் இரண்டு குண்டுகளாலும் தாக்குண்ட 'வெஸ்ட் வர்ஜீனியா', எதிர்ப்பக்க அறைகளிலும் நீர் புகவிட்ட அதிகாரிகளின் சமயோசிதத்தால் கவிழாது, ஆழமற்ற துறைமுகத் தரையில் நிமிர்ந்தபடியே அமர்ந்தது. அக்கப்பலில் இறந்தோர் 106 பேர். பின்னால் நின்ற 'அரிஸோனா' வெடித்துச் சிதறி 1,177 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

மில்லர் வீழ்த்திய விமானங்கள் எத்தனை? செய்தித்தாள்கள் இரண்டு என்றன, நான்கு என்றன, ஆறு என்றும் எழுதின. தாம் ஒன்றை வீழ்த்தியிருக்கலாம் என்று அவர் எண்ணினாரேயன்றி உறுதி கூறிற்றிலர். அரசாங்கத்தின் விருதுப் பத்திரம் எண்ணிக்கை எதனையும் கூறவில்லை. தலைவரைக் காப்பான இடத்துக்கு நகர்த்த உதவினார். பின் மேடையை விட்டு நீங்குமாறு பணிக்கப்படும்வரை துப்பாக்கியை இயக்கினார் என்று மட்டுமே அது கூறுகிறது. அன்று ஜப்பானியர் இழந்த விமானங்கள் மொத்தம் 29. நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் சுட்ட துறைமுகத்தில், தனி ஒருவர் ஆறினை வீழ்த்தினார் என்றல் பொருந்துமா? அன்பு மிகுதியால் எழுந்த இம்மிகைகள் அவருக்குப் பெருமை சேர்ப்பனவல்ல, ஐயுறுவோர்க்கு இடந்தருவன.

இனி, அவர் பெயர் வெளிவந்த கதையைக் காண்போம். போர் நிகழ்ந்த சில கிழமைகளில் வெளியான செய்திகளில், இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய 'நீக்ரோப் பணியாளர் ஒருவர்' என்ற அளவிலேயே குறிப்பு இருந்தது. வெள்ளை வீரர்களின் பெயரும் ஊரும் படமும் நாடெங்கும் பரவின. இவர் பெயரைக் கடற்படை கூறவில்லை. 'பிட்ஸ்பர்க் கூரியர்' முதலிய கறுப்பினத்தார் செய்தித்தாள்கள் விடாது வினவின. அவர்தம் சங்கங்களும் வினவின. மூன்று திங்களுக்குப் பின், 1942 மார்ச்சிலேயே டோரிஸ் மில்லர் என்னும் பெயர் வெளிவந்தது. அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதாகிய மெடல் ஆப் ஆனர் அவருக்கு அளிக்கப்படவேண்டும் என்று செனட்டிலும் பிரதிநிதிகள் சபையிலும் மசோதாக்கள் வந்தன. கடற்படை அமைச்சர் பிராங்க் நாக்ஸ் பாராட்டுக் கடிதம் ஒன்று போதும் என்னும் நிலையில் இருந்தார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் இடையே ஒரு வழி கண்டு, நேவி கிராஸ் என்னும் விருதுக்கு இசைந்தார்.

1942 மே 27ஆம் நாள், பேர்ள் துறைமுகத்தில், 'என்டர்பிரைஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தட்டில் அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் தம் கையால் அவ்விருதை மில்லரின் மார்பில் அணிவித்தார். நேவி கிராஸ் பெற்ற முதற் கறுப்பினத்தார் மில்லரே. பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்காக மெடல் ஆப் ஆனர் பெற்றோர் பதினைவர். இறந்த காப்டன் பென்னியன் அவருள் ஒருவர். அப்போர் நடந்த ஆண்டுகளில் கறுப்பினத்தார் எவருக்கும் அவ்வுயர் விருது அளிக்கப்படவில்லை. 1997இல் எழுவர்க்கு அளிக்கப்பட்டது, அவ்வெழுவரும் தரைப்படையினர்.

மார்பில் விருது அணிந்த மில்லர் மறுநாள் எங்கே சென்றார்? உணவறைக்கே சென்றார். அவர் பெயரால் எழுந்த கிளர்ச்சி பயனற்றுப் போகவில்லை. கறுப்பினத்தாரைப் பொதுப் பிரிவுகளிலும் சேர்ப்பதாகக் கடற்படை 1942 ஏப்ரலில் அறிவித்து, ஜூன் முதல் நாள் தொட்டுச் சேர்த்தது. பீரங்கி இயக்கவும் குறியோலை அனுப்பவும் புதியோர் கற்றனர். ஆனால் அவர்களைப் போர்க்கப்பல்களுக்கு அனுப்பாது, பெரும்பாலும் துறைமுகங்களிலும் கரையோரங்களிலுமே அமர்த்தினர். மில்லரோ பழைய பிரிவிலேயே இருந்தார். 'இண்டியானாபொலிஸ்' என்னும் கப்பலில் அதிகாரிகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

வெள்ளை வீரர்களை ஊர்தோறும் அழைத்துச் சென்று போர்க்கடன் பத்திரம் விற்கச் செய்த அரசாங்கம், மில்லரை அழைக்கவில்லையே என்று செய்தித்தாள்கள் மீண்டும் எழுதின. 1942ஆம் ஆண்டு இறுதியில் அவர் தாயகம் திரும்பினார். ஓக்லண்டிலும், தம் ஊராகிய வேகோவிலும், டல்லஸிலும் மேடையேறினார். சிக்காகோ நகரை அடுத்த பயிற்சி நிலையத்திற் புதிய கறுப்பின மாலுமியரிடையே பேசினார். 1943இல் அவர் உருவம் தீட்டிய கடற்படைச் சுவரொட்டி நாடெங்கும் ஒட்டப்பட்டது. ஆளைச் சேர்க்க அவர் முகம் பயன்பட்டது. பீரங்கியருகே நிற்க அவர் கை பயன்படவில்லை. இம்முரண்பாட்டைக் கண்டு அவர் மனம் என் செய்தது என்பதற்கு எழுத்துச் சான்று நமக்குக் கிட்டவில்லையாதலின், அதனைக் கற்பித்து எழுதத் துணிகிலோம்.

1943 ஜூன் முதல் நாள் அவர் மூன்றாம் வகுப்புச் சமையற்காரராக உயர்ந்து, 'லிஸ்கோம் பே' என்னும் சிறிய விமானந்தாங்கிக் கப்பலிற் சேர்ந்தார். விரைந்து கட்டப்பட்ட அவ்வினக் கப்பல்களுக்குக் கவசம் மிகக் குறைவு. விமானங்களுக்குரிய வெடிகுண்டுகளோ ஏராளம். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கர் கில்பர்ட் தீவுகளைத் தாக்கியபோது, 'லிஸ்கோம் பே' மேகின் தீவினருகே நின்று தன் விமானங்களை அனுப்பிற்று. நவம்பர் 24ஆம் நாள் விடியுமுன், ஐந்து மணி கடந்த சிறிது நேரத்தில், ஐ-175 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ ஒன்று கப்பலின் பின்புறத்தைத் தாக்கியது. வெடிகுண்டறை பற்றிக்கொண்டது. கப்பலின் பின்பாகம் முழுவதும் ஒரு கணத்திற் சிதறியது. இருபத்து மூன்று நிமிடத்திற் கப்பல் மூழ்கிற்று. பிழைத்தோர் 272 பேர். மாண்டோர் அறுநூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர். தளபதி மல்லினிக்ஸ் மாண்டார். கப்பல் தலைவர் மாண்டார். சமையற்காரர் மில்லரும் மாண்டார். அவர் உடல் கிடைக்கவில்லை.

மகன் காணாமற் போனான் என்னும் செய்தி வேகோவிலிருந்த பெற்றோர்க்கு 1943 டிசம்பர் 7ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. பேர்ள் துறைமுகத் தாக்குதல் நிகழ்ந்து அன்றோடு சரியாக ஈராண்டு.

அதன் பின்னர்க் கடற்படை மெல்ல மாறியது. 1944 மார்ச்சில் கறுப்பின அதிகாரியர் பதின்மூவர் முதன்முதலாகப் பதவி ஏற்றனர். அதே திங்களில், பெரும்பாலும் கறுப்பின மாலுமியரே இயக்கிய 'மேஸன்' என்னும் போர்க்கப்பல் கடலேறியது. 1948 ஜூலை 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன், படைகளில் நிற வேற்றுமை ஒழிதல் வேண்டும் என ஆணையிட்டார். துறைமுகத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தப்பட்ட 'வெஸ்ட் வர்ஜீனியா'வோ மீண்டும் போர் புரிந்து, 1945 செப்டம்பர் 2ஆம் நாள் ஜப்பானியர் டோக்கியோ விரிகுடாவிற் சரணடைந்தபோது அங்கே நின்றது.

1973இல் 'மில்லர்' என்னும் பெயருடன் பிரிகேட் வகைப் போர்க்கப்பல் ஒன்று பணிக்கு வந்தது. 2010இல் அவர் உருவம் பொறித்த அஞ்சற்றலை வெளியாயிற்று. 2020 ஜனவரி 20ஆம் நாள், கட்டப்படவிருந்த ஒரு மாபெரும் அணுவிசை விமானந்தாங்கிக்கு 'டோரிஸ் மில்லர்' என்று பெயரிடுவதாகக் கடற்படை அறிவித்தது. அமெரிக்க விமானந்தாங்கிகளுக்குக் குடியரசுத் தலைவர், அட்மிரல், அமைச்சர் முதலியோர் பெயர்களை இடுவதுண்டு. அதிகாரி அல்லாத மாலுமி ஒருவரின் பெயர் அத்தகைய கப்பலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதன்முறை.